பெட்டியின் சாவி யார் கையில்?

2025-ம் ஆண்டு ஜூன் 5-ந்தேதி கமல்ஹாசன் நடித்து, மணிரத்னம் டைரக்டு செய்த 'தக் லைப்' படம் திரைக்கு வந்தது. சென்னையில் வந்தது. ஐதராபாத்தில் வந்தது. மும்பையில் வந்தது. கர்நாடகத்தில் மட்டும் வரவில்லை.

கன்னட மொழியைப் பற்றி கமல்ஹாசன் சொன்ன ஒரு கருத்து எதிர்ப்பைக் கிளப்பி விட்டது. மன்னிப்புக் கேட்காவிட்டால் படத்தைத் திரையிட மாட்டோம் என்று கர்நாடக திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைக் கூட்டம் கூடித் தடுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது மாநில அரசின் கடமை என்று கோர்ட்டு சொன்னது. மாநில அரசும் பாதுகாப்பு தருவதாக உறுதி கூறியது. ஆனாலும் கர்நாடகத் தியேட்டர்களில் படம் ஓடவில்லை.

கோலார் தங்கவயலில் உள்ள ஒரு ரசிகர் அந்தப் படத்தைத் திரையில் பார்க்க விரும்பியிருந்தால், பங்காருபேட்டையில் ரெயில் ஏறி, ஜோலார்பேட்டைப் பக்கம் போயிருக்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும்.

ஜூலை 3-ந்தேதி அதே படம் நெட்பிளிக்சில் வந்தது. சரியாக 28 நாள். ராபர்ட்சன்பேட்டையிலும், ஆண்டர்சன்பேட்டையிலும், மாரிகுப்பத்திலும் சந்தா கட்டியிருந்த வீடுகளில் நடுக்கூடத்திலேயே படத்தைப் பார்க்க முடிந்தது. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கல் வீச்சு இல்லை. போலீஸ் காவல் இல்லை.

படம் நன்றாக இருந்ததா, இல்லையா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழர்களுக்கு, டெலிவிஷனோடு இணைந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி எவ்வளவு முக்கியமானது என்பதை அந்த 28 நாட்கள் காட்டின. ஆகவே அந்தப் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா, அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

கைமாறிய சாவி

தங்கவயலுக்கு புதுமை புதிது அல்ல. 1902-ம் ஆண்டு ஜூன் மாதம் சிவசமுத்திரத்தில் இருந்து சுமார் 150 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்து, இங்கே மின்சாரம் கொண்டு வரப்பட்டது. பெங்களூர் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது அதற்கு 3 ஆண்டுகள் கழித்து, 1905-ல்தான். சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் அது. இருந்தாலும் ஊருக்கு அது ஒரு பெருமை.

சினிமா தியேட்டரில் மட்டுமே இருந்த காலத்தில், எந்தப் படம் வரும், எப்போது வரும் என்பதைத் தியேட்டர்காரரும் வினியோகஸ்தரும் முடிவு செய்தார்கள். 1981-ல் பெங்களூர் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது. அதே பத்தாண்டில் வீடியோ கேசட்டும் வந்தது. டெலிவிஷனையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே உட்கார்ந்து விடிய விடிய 3 படம் பார்த்த காலம் அது. கேசட் கையில் இருந்தவரைப் படமும் கையில் இருந்தது.

1993-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி சன் டி.வி. தொடங்கியது. கேபிளும் பரவியது. சாவி கேபிள்காரர் கைக்குப் போனது. அது என்ன சாவி என்பது 2016 செப்டம்பரில் தெரிந்தது. காவிரிப் பிரச்சினை கொதித்த அந்த நாட்களில், கர்நாடகத்தில் கேபிளில் தமிழ் சேனல்கள் நிறுத்தப்பட்டன. தியேட்டர்களில் தமிழ்ப் படங்களும் நிறுத்தப்பட்டன. பணம் கட்டியவர் வீட்டில் டெலிவிஷன் இருந்தது. படம் இல்லை.

இதற்கிடையே 2011-ம் ஆண்டு சட்டத்தின்படி கேபிள் முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டது. நகரங்கள் அனைத்துக்கும் 2015 டிசம்பர் 31 கெடு வைக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரி 1-ந்தேதி முதல், வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துக் காசு கட்டும் உரிமையை 'டிராய்' என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்தது. முதல் 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம் என்று உச்சவரம்பும் வைத்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டு விட்டது.

உரிமை வந்தது உண்மை. ஆனால் கர்நாடகத்துக்கு என்று நிறுவனங்கள் தயாரிக்கும் தொகுப்புகள் கன்னட சேனல்களை வைத்தே அமைகின்றன. அது இயற்கைதான். தமிழ் சேனல் வேண்டும் என்பவர் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் காசு கூடும். தூர்தர்ஷனின் 'பிரீ டிஷ்' மாதக் கட்டணம் இல்லாதது. ஆனால் அதில் தமிழ் சேனல்கள் குறைவு.

இந்த நிலையில்தான் இணையம் வழியாகப் படம் காட்டும் சேவைகள் வந்தன. நெட்பிளிக்சும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்தது 2016-ல். சன் நெக்ஸ்ட் 2017-ல் வந்தது. ஆகா தமிழ் 2022-ல் வந்தது. ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. சாவி கடைசியில் வீட்டுக்கே வந்து விட்டது என்று மக்கள் நினைத்தார்கள்.

வந்து விட்டதா?

ஒரு நாள் காலையில் செத்த பெட்டி

2025 மார்ச் 9-ந்தேதி உலகின் பல நாடுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. டெலிவிஷனில் செருகி, செல்போனில் உள்ள படத்தைப் பெரிய திரைக்கு அனுப்பும் 'குரோம்காஸ்ட்' என்ற கருவி இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட இரண்டாவது தலைமுறைக் கருவிகள் அன்று வேலை செய்ய மறுத்தன. கருவி கெட்டுப் போகவில்லை. மின்சாரம் போகவில்லை. உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் ஆயுள் முடிந்து விட்டது. அவ்வளவுதான்.

சில நாட்களில் கூகுள் திருத்தம் அனுப்பியது. கருவிகள் மீண்டும் உயிர் பெற்றன. ஆனால் அவசரப்பட்டுக் கருவியைப் பழைய நிலைக்கு அழித்து அமைத்தவர்கள் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலை செய்வதும் செய்யாததும் எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பது அன்று வெளிச்சமாயிற்று.

அதே ஆண்டு ஜூன் தொடக்கத்தில், அமேசானின் மிகப் பழைய 'பயர் டிவி' கருவிகள் சிலவற்றில் நெட்பிளிக்ஸ் நின்றது. கருவி நன்றாகத்தான் இருந்தது. ஆதரவு முடிந்தது என்ற ஒரு வரி அறிவிப்போடு கதை முடிந்தது.

ஜூன் 17-ந்தேதி அமேசான் பிரைம் இந்தியாவில் படங்களுக்கு நடுவே விளம்பரம் போடத் தொடங்கியது. சந்தா கட்டியவருக்கும் விளம்பரம். அது வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்டலாம் என்றது. சந்தா கட்டும்போது இல்லாத நிபந்தனை, கட்டிய பிறகு வந்தது.

படங்களும் நிரந்தரம் இல்லை. உரிமை ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த படம் இன்று பட்டியலில் இருக்காது. வட ஆற்காட்டில் இருந்து தங்கம் தோண்ட வந்த மக்களைப் பற்றி பா.ரஞ்சித் எடுத்த 'தங்கலான்' 2024 ஆகஸ்டு 15-ந்தேதி தியேட்டருக்கு வந்தது. டிசம்பர் 10-ந்தேதிதான் நெட்பிளிக்சுக்கு வந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரிலும், அதை வீட்டில் பார்க்க மாதச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தா நின்றால் படமும் நின்றுவிடும்.

மலிவுப் பெட்டியின் மர்மம்

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாப் படமும் இலவசம், மாதக் கட்டணமே இல்லை" என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை நாடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைவு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந்தேதி மூடப்பட்ட பிறகு, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்யும் ஊரில் இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது.

2023 ஜனவரியில் ஒரு கணினி ஆராய்ச்சியாளர் 'டி-95' என்ற மலிவுப் பெட்டியை வாங்கிச் சோதித்தார். கடையில் இருந்து வரும்போதே அதற்குள் திருட்டு மென்பொருள் இருந்தது. 2024 செப்டம்பரில் 'டாக்டர் வெப்' என்ற நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் டெலிவிஷன் பெட்டிகள் இதே போன்ற மற்றொரு மென்பொருளுக்கு இரையாகி இருப்பதாகக் கண்டுபிடித்தது. 2025 ஜூன் 5-ந்தேதி அமெரிக்காவின் எப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. ஜூலையில் கூகுள் கோர்ட்டுக்குப் போனது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற இந்த வலையில் 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கி இருப்பதாக அதன் வழக்கு சொன்னது.

இந்த மென்பொருள் என்ன செய்யும்? வீட்டு இணைய இணைப்பை, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்கோ திறந்து விடும். அந்த வழியாக ஒருவன் எங்கோ இருந்து மோசடி செய்தால், தடயம் தங்கவயலில் இருக்கும் வீட்டு இணைப்பைக் காட்டும். அந்த வீட்டில் அதே வைபையில்தான் பிள்ளை பேங்க் கணக்கைத் திறக்கிறான். மகள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறாள். பெரியவரின் பென்ஷன் கணக்கும் அதே வழியில்தான் போகிறது. இலவசம் என்று வந்த பொருளின் உண்மையான விலை இதுதான்.

அந்தப் பெட்டிகள் காட்டும் படங்கள் பெரும்பாலும் திருட்டுப் படங்கள். 2023-ம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்புகிறவர்களுக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது.

நல்ல பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் உள்ள 'பிளே ஸ்டோர்' பகுதியில் அமைப்புகளைத் திறந்தால், 'பிளே புரொடெக்ட்' சான்றிதழ் இருக்கிறதா என்று தெரியும். பாதுகாப்பை அணைத்து வைக்கச் சொல்லும் பெட்டியைத் தொடவே கூடாது. அறிமுகமான நிறுவனத்தின் பெட்டியானாலும் பில் கேட்டு வாங்க வேண்டும்.

செலவில்லாமல் நல்ல படம்

படம் நிற்கிறது, தெளிவாக இல்லை, பேச்சு கேட்கவில்லை என்ற புகார்கள் பல வீடுகளில் உண்டு. உடனே புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. இருக்கும் பெட்டியையே திருத்திக் கொள்ளலாம்.

முதலில் மின்சாரம். டெலிவிஷனின் பின்னால் செருகும் ஸ்டிக் கருவிக்கு, டெலிவிஷனில் உள்ள யு.எஸ்.பி. துளையில் இருந்தே மின்சாரம் கொடுப்பது பலரின் வழக்கம். அந்த மின்சாரம் போதாமல் கருவி அடிக்கடி தானாக அணைந்து எழும். கருவியோடு கொடுத்த அடாப்டரைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகினாலே பாதி நோய் தீரும்.

அடுத்தது இணைப்பின் வேகம். முழுமையான எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் போதும், 4-கே படத்துக்கு 15 மெகாபிட் போதும் என்று நெட்பிளிக்சே சொல்கிறது. 30, 40 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் படம் நின்றால், குறை பெரும்பாலும் வெளியில் இல்லை. வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதற்காக 100 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு.

சுரங்கக் காலத்து லைன் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எல்லாம் வைபை இருந்தால், அலைகள் ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தூரம் போகாது. சின்ன வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் ஏற்றது. பீரோவின் மேல், இரும்புப் பெட்டியின் பின்னால் ரூட்டரை வைக்கக் கூடாது. பெட்டியில் அதற்கு வசதி இருந்தால், ரூட்டரில் இருந்து ஒரு லேன் கம்பியை நேராக இழுத்து விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

செல்போனில் இருந்து ஹாட்ஸ்பாட் போட்டு டெலிவிஷனில் படம் பார்ப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை செலவாகும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏழரை ஜி.பி. ஒரு நாளைக்கு 2 ஜி.பி. தரும் ரீசார்ஜில் படம் இடைவேளை வரை கூட ஓடாது. தரத்தை நடுத்தரத்துக்குக் குறைத்தால் மணிக்கு 0.7 ஜி.பி. போதும். அப்போது அதே 2 ஜி.பி.யில் முழுப் படமும் முடிந்துவிடும். 32 அங்குல டெலிவிஷனில் 4-கே படத்துக்காகக் காசு கட்டுவதில் பயன் இல்லை. அந்த அளவு டெலிவிஷன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தெளிவைக் காட்டும் சக்தியே கிடையாது.

படம் ஏதோ சீரியல் மாதிரி வழுக்கிக் கொண்டு ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். சினிமா விநாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுவது. புது டெலிவிஷன்கள் நடுவே தாங்களாகவே படங்களைச் சேர்த்து அசைவை மிருதுவாக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு, 'சினிமா' என்ற பட அமைப்புக்கு மாற்றினால், தியேட்டரில் பார்த்த படம் திரும்பக் கிடைக்கும்.

பேச்சு கேட்கவில்லை, ஆனால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது என்பது அடுத்த புகார். பெட்டி 6 ஸ்பீக்கருக்கான ஒலியை அனுப்புகிறது. டெலிவிஷனில் இருப்பது 2 ஸ்பீக்கர். பேச்சுக்கு என்று உள்ள நடு ஒலி அமுங்கிப் போகிறது. ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் பேச்சு மேலே வரும். சுரங்க மெஷின் சத்தத்தில் பல ஆண்டு வேலை பார்த்துக் காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீடுகளில் இந்த ஒரு திருத்தம் பெரிய உபகாரம்.

பெட்டி மந்தமாகிவிட்டது என்றால், உள்ளே இடம் நிரம்பியிருக்கலாம். பல பெட்டிகளில் உள்ள இடமே 8 ஜி.பி.தான். பயன்படுத்தாத செயலிகளை எடுத்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும்.

மாரிகுப்பத்தில் இருந்து விடியற்காலை ரெயிலில் பெங்களூர் வேலைக்குப் போய், இரவு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டு டெலிவிஷன் முன்னால் அவர்கள் உட்காரும் நேரம் குறைவு. இரவில் வீட்டு வைபையில் படத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால், மறுநாள் ரெயிலில் டேட்டா செலவில்லாமல் பார்க்கலாம். சிக்னல் போய் வரும் தொல்லையும் இல்லை.

மாதக் கணக்கு

சந்தாவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தபோது, மாதம் 149 ரூபாய்க்கு ஒரு திட்டம் வைத்தது. அது செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். டெலிவிஷனில் அது வேலை செய்யாது. டெலிவிஷனில் பார்க்க அன்று வைத்த குறைந்த கட்டணம் 199 ரூபாய். 50 ரூபாய் மிச்சம் என்று 149 கட்டிவிட்டு, பெட்டியில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் பலன் இல்லை. வேறு சில சேவைகளிலும் செல்போனுக்கு மட்டும் என்ற திட்டங்கள் உண்டு. பணம் கட்டும் முன் 'டெலிவிஷனில் பார்க்கலாமா, எத்தனை திரையில் பார்க்கலாம்' என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒரு வீட்டில் 4 சேவைகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் மாதம் 200 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 9,600 ரூபாய். அதே வீட்டில் மாதத்துக்கு ஒரு சேவை என்று சுழற்றி எடுத்தால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். மிச்சம் 7,200 ரூபாய். ஒரு மாதம் இதில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் அதற்குப் போகலாம். படங்கள் எங்கும் ஓடிப் போய்விடாது. ஆனால் பேங்க் கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுக்கும் 'ஆட்டோபே' ஏற்பாட்டை ரத்து செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் மிச்சம் எல்லாம் அதிலேயே போய்விடும்.

பிரசார் பாரதி 2024 நவம்பர் 20-ந்தேதி 'வேவ்ஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. பழைய தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளும் பல மொழி நிகழ்ச்சிகளும் அதில் உண்டு. தமிழும் உண்டு. புதுப்படம் எதிர்பார்ப்பவர்களுக்கு அது போதாது. பழைய நிகழ்ச்சிகளை விரும்பும் பெரியவர்களுக்குப் பயன்படும்.

மொழி விஷயத்தில் இந்தப் பெட்டிகள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஊரின் பெயரிலேயே வந்த 'கே.ஜி.எப்.' படத்தை எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் கன்னடத்தில் எடுக்கப்பட்டு, தமிழ் உள்பட 4 மொழிகளில் டப் செய்யப்பட்டது. இப்படிப் பல மொழியில் வரும் படங்களை, எல்லா மொழி ஒலியோடும் சேர்த்தே தரும் சேவைகள் உண்டு. கன்னட மீடியத்தில் படிக்கும் பேரன் கன்னடத்தில் பார்க்கலாம். தாத்தா தமிழில் பார்க்கலாம். ஒரே பெட்டி, ஒரு பட்டன். ஆனால் திரையின் கீழே வரும் எழுத்துகள் பல தமிழ்ப் படங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் தமிழ் எழுத்தை மறந்து வரும் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டே தமிழ் எழுத்தையும் பார்ப்பது ஒரு பாடம் போல உதவும். சேவை நிறுவனங்கள் இதை நினைத்தால் எளிதில் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியது

வீட்டுக்காரர் செய்யக் கூடியது இவ்வளவுதான். மற்றதை அரசும் ஆணையங்களும்தான் செய்ய வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்சை மற்றொரு நிறுவனத்தின் இணைப்பிலும் பயன்படுத்த வழி வேண்டும் என்று டிராய் 2020-ம் ஆண்டு ஏப்ரலிலேயே சிபாரிசு செய்தது. செல்போனில் கம்பெனியை மாற்றினால் போனை மாற்ற வேண்டியதில்லை. சிம் கார்டை மாற்றினால் போதும். டெலிவிஷனுக்கும் அந்த நியாயம்தானே? ஆனால் அந்தச் சிபாரிசின் பலன் இன்னும் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. நிறுவனத்தை மாற்றுகிறவர் பழைய பெட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டுப் புதுப் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இலவச சேனல்களைத் தனிப் பெட்டி இல்லாமலேயே டெலிவிஷன் நேராகப் பிடிக்கும் வகையில், உள்ளேயே டியூனர் வைத்த டெலிவிஷனுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் தர விதி வகுத்து, அது 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நல்ல முயற்சி. கடையில் டெலிவிஷன் வாங்குகிறவர் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால், கம்பெனிகளும் வழிக்கு வரும்.

2025 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரு முக்கியமான விவகாரத்தை முடித்து வைத்தது. டெலிவிஷன் தயாரிப்பாளர்கள் கூகுளின் முழுத் தொகுப்பையும் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, பிளே ஸ்டோரைத் தனியாகவும் கொடுக்க கூகுள் ஒப்புக்கொண்டது. சமரசத் தொகையாக 20 கோடியே 24 லட்சம் ரூபாய் கட்டவும் சம்மதித்தது. போட்டி வளர்ந்தால் பெட்டியின் விலை குறையும், தரம் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29-ந்தேதி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இணையத்தோடு இணையும் எந்தக் கருவியை விற்றாலும், அதற்கு எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்போம் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மருந்துப் பாட்டிலில் காலாவதி தேதி போடுவது போல. இந்தியாவிலும் பெட்டியின் அட்டையிலேயே அந்தத் தேதியை அச்சிடக் கட்டாயப்படுத்தினால், மார்ச் 9-ந்தேதி நடந்தது போன்ற திடீர் மரணங்கள் வீட்டுக்காரரைத் தாக்காது.

கேரள அரசு 2024 மார்ச் 7-ந்தேதி 'சி-ஸ்பேஸ்' என்ற சொந்த சேவையைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது. ஒரு படத்துக்கு 75 ரூபாய். பார்த்த படத்துக்கு மட்டும் காசு. கன்னடப் படங்களை வளர்க்க இதே போன்ற சேவை தொடங்கப்படும் என்று கர்நாடக அரசும் 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. கன்னடப் படத்துக்கு அது வரட்டும். வரவேற்க வேண்டியதுதான். அந்த மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, சுரங்கத்தில் உயிரைக் கொடுத்து வேலை செய்த தமிழர்களும் அந்த மாநிலத்தின் குடிமக்கள்தான். அவர்களுக்கும், தெலுங்கு, உருது பேசும் மக்களுக்கும் அந்தச் சேவையில் ஒரு மூலை ஒதுக்கினால் கன்னடத்துக்குக் குறைவு வராது. தமிழ் ஒலியோடு ஒரு நல்ல கன்னடப் படத்தைப் பார்க்கும் தங்கவயல் வீட்டில் கன்னட சினிமாவுக்கு ஒரு புது ரசிகர் கிடைப்பார்.

படம் காட்டும் சேவைகள் பலவும் சந்தாவையே நம்பி இருக்கின்றன. நிரந்தர மாதச் சம்பளம் உள்ளவருக்கு அது ஒத்துவரும். தினக்கூலிக்காரருக்கும், காண்ட்ராக்ட் வேலைக்காரருக்கும் படத்துக்கு இவ்வளவு என்ற கேரள முறையே ஒத்துவரும். தமிழ்நாடு அரசு 2007-லேயே கேபிளுக்கு என்று ஒரு கார்ப்பரேஷன் தொடங்கிய அனுபவம் உள்ள அரசு. வெளி மாநிலத் தமிழர்களும் பார்க்கும்படி, படத்துக்குக் காசு என்ற முறையில் ஒரு தமிழ் சேவையைப் பற்றி அது யோசிக்கலாம்.

28 நாள் பாடம்

தியேட்டர் கதவு மூடியபோது பெட்டி திறந்தது. அது உண்மை. ஆனால் நாளை அதே பெட்டியைச் சான்றிதழ் முடிந்தது என்றோ, ஆதரவு நின்றது என்றோ, கூடுதல் பணம் கட்டு என்றோ சொல்லி வேறொருவர் மூடலாம்.

ஆகவே புதுப் பெட்டி வாங்கும் முன் சான்றிதழைப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். சந்தாவில் டெலிவிஷன் உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய பெட்டி சண்டித்தனம் செய்தால், தூக்கி எறியும் முன் அடாப்டரையும் வைபையையும் சோதிக்க வேண்டும். சங்கங்களும், நுகர்வோர் அமைப்புகளும், சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் போகிறவர்களும் பெட்டிப் பிரச்சினையை ஏதோ வேடிக்கை விஷயம் என்று ஒதுக்காமல், குடிதண்ணீர், ரெயில் போலவே ஒரு வீட்டுப் பிரச்சினையாக எடுத்துக் கேட்க வேண்டும்.

மாதம் தவறாமல் பணம் கட்டுவது தங்கவயல்காரர். பெட்டியும் அவர் வீட்டுக்கூடத்தில்தான் இருக்கிறது. சாவியும் அவர் கையில் இருப்பதே நியாயம்.